கணவர் பெயர்

ஏழு ஊர்களுக்கு ஜமீன்தார் மாதிரி இருந்த மிட்டாதார் வெங்கடாசலத்திடம் நான் காரியஸ்தனாக இருந்தேன். பி.ஏ. படித்த ஒருவன் தன்னிடம் கைகட்டி நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. வெள்ளைக்கார அதிகாரி யாராவது புதுச்சத்திரம் வழியாகப் போனால் என்னை முன்னால் விட்டுப் பேசச் சொல்வார். மற்ற நாட்களில் அவருக்குக் கடிதம் எழுதினேன்.

1937இல் சட்டசபைத் தேர்தல் வந்தது. மிட்டாதார் அபேட்சகராக நின்றார். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அப்போது ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போய், வேண்டிய நிறத்தில் போட்டுவிட்டு வர வேண்டும். மிட்டாதாருடைய பெட்டி பச்சை. எதிரிகளுடையது மஞ்சள்.

அதற்கு நாலு மாதம் முன்பு, ஐப்பசியில், என் மனைவி சாலம்மாள் இறந்துபோனாள். ஐந்து நாள் காய்ச்சல். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். என்ன எழுதச் சொன்னாலும் எழுதினேன். அந்த மாதங்களில் என் கையெழுத்து நன்றாக இருந்ததாக மிட்டாதார் சொன்னார்.

தேர்தலுக்காக அவர் ஒரு நாடகக் கம்பெனியை அமர்த்தினார். கருப்பண்ணன் வாத்தியார் கம்பெனி. வாத்தியார் தானே ராஜபார்ட் போடுவார். ஆட்கள் ஏழு பேர். அவர்களில் பெண்கள் இரண்டு பேர்தான். அங்கம்மாள் பெரிய வேஷங்களைக் கட்டுவாள். மற்றொருத்தி தோழி. மற்றப் பெண் வேஷங்களை ஆண்களே கட்டினார்கள். மிட்டாதாருக்கென்றே 'சத்தியசேனன் சரித்திரம்' என்று ஒரு நாடகம் தயாராயிற்று. ஆயுளில் ஒரு பொய்யும் சொல்லாத ராஜாவின் கதை. ராஜா எல்லாக் காட்சியிலும் பச்சைப் பட்டில் வருவார்.

மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாக்களை எழுதக் குமாரபாளையத்திலிருந்து கந்தவேல் வந்தான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சாயத்தொட்டியில் வளர்ந்து, தூரிகைக்குப் போனவன். முதல் படுதாவில் காலைப் பொழுது. மிட்டாதார் பார்க்க வந்தார். நானும் கூடப் போனேன்.

"அதென்னப்பா, பொழுது மஞ்சளா உதிக்குது?"

"பொழுது அப்படித்தானுங்க உதிக்கும்."

"நம்ம மிட்டாவுல அப்படி உதிக்க வேண்டாம். படுதாவுல ஒரு பொட்டு மஞ்சள் இருக்கப்படாது. அல்லாம் பச்சையாப் போடு."

கந்தவேல் தலையைச் சொறிந்தான். "பச்சையே மஞ்சள்ல இருந்துதானுங்க வருது. மஞ்சளும் நீலமும் கலந்தாத்தான் பச்சை."

மிட்டாதார் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மணியா?"

"ஆமாங்க."

"இதையெல்லாம் காலேஜுல சொல்லித் தர்றாங்களா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, வாங்கிக் கொடு. ஆனா மஞ்சள்னு எங்கயும் எழுதிராதே."

ராசிபுரம் கடைக்கு நான் அனுப்பிய சீட்டில் 'பச்சை, முதல் பாகம். பச்சை, இரண்டாம் பாகம்' என்று எழுதினேன். கடைக்காரர் ஆளைத் திருப்பி அனுப்பி, எந்தப் புஸ்தகம் என்று கேட்டார்.

இரண்டாவது படுதா இந்திரசபை. நடுவில் சிம்மாசனத்தில் இந்திரன். அவனுக்கு மிட்டாதாரின் முகம். அதுவரை மிட்டாதாருக்கு வேறு யோசனை இருக்கவில்லை. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து நின்று படுதாவைப் பார்த்தார். இந்திரனுக்கு வலப்பக்கம் அக்கினியின் உடம்பு எழுதியாகிவிட்டது, தலை பாக்கி. இன்ஸ்பெக்டர் அந்தத் தலையில்லாத கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிட்டாதாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பத்து நாளில் சபை நிரம்பியது. இன்ஸ்பெக்டர் அக்கினி. ஜில்லா போர்டு டாக்டர் அசுவினி தேவரில் ஒருவர். இன்னொரு அசுவினி யார் என்பதில் இரண்டு பேருக்குள் சண்டை வந்து, கந்தவேல் அவரைப் புறமுதுகாக எழுதிவிட்டான். இருவரும் தங்கள் முதுகுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். கடைசியாக எங்கள் ஓட்டுச் சாவடிக்குப் போலிங் ஆபீசராகப் போடப்பட்டிருந்த டிப்டி தாசில்தார் வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். மிட்டாதார் அனுப்பிய வாழைத்தாரைத் திருப்பி அனுப்பியிருந்தார். கந்தவேல் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னான். அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, வருணனுக்குத் தொந்தி உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப எனக்கு எதுக்கு?"

கந்தவேல் தொந்தியை அழித்தான்.

என்னையும் கேட்டான். "உங்களை எமலோகத்துப் படுதாவுல சித்திரகுப்தனாப் போட்டுரட்டுங்களா? கையில ஏடு, காதுல எழுத்தாணி. பொருத்தமா இருக்கும்."

"வேண்டாம்" என்றேன்.

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். அடுத்த வாரம் மிட்டாதார் என்னை வாக்காளர் ஜாபிதாவோடு கூப்பிட்டார்.

"இதுல பொம்பளைங்க எத்தனை பேரு?"

"தொண்ணூற்றிரண்டுங்க."

"ஜாபிதா அச்சடிச்சதுக்கு அப்புறமேட்டுக்குச் செத்துப்போனவங்க?"

அந்த வருஷம் காய்ச்சல் அதிகம். நான் உட்கார்ந்து எழுதினேன். பெயர், கணவர் பெயர், ஊர். பதினோரு பேர் தேறினார்கள். ஒன்பதாவதாக 'சாலம்மாள், கணவர் பெயர் மணியன், புதுச்சத்திரம்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன்.

அவள் பெயர் ஜாபிதாவில் ஏறியது ஆடி மாதம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மனுப் போட்டால் ஓட்டு உண்டு என்று பத்திரிகையில் வந்திருந்தது. அதை அவளே படித்து என்னிடம் காட்டினாள். ராசிபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். குமாஸ்தா அவளை மனுவிலும் ரசீதிலும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். பிறகு, "கணவர் பெயர்?" என்றார். நான் அந்த நேரம் வாசலில் முத்திரைத்தாள் விற்பவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாலம்மாள் ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் இருந்த மணியைக் காட்டியிருக்கிறாள். குமாஸ்தாவுக்கு விளங்கவில்லை. அவள் அதை ஒரு தட்டுத் தட்டினாள். டவாலிச் சேவகன் ஓடிவந்து, "கூப்ட்டீங்களா?" என்று நின்றான். திரும்பி வரும்போது பஸ் நெடுக அதைச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஓட்டுப் போடுவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள்.

மிட்டாதார் நான் எழுதிய பட்டியலை வாங்கி விரலால் இறங்கிக்கொண்டே வந்தார். விரல் ஒன்பதில் நின்றது.

"அட, உன் சம்சாரமா?"

"அந்தப் பேரை எடுத்துரலாமுங்களா?"

"எதுக்கு?"

அது அவள் போடாத ஓட்டு. அதை வேறொருத்தி போடக் கூடாது. அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். "எடுத்துட்டா நல்லா இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"காரியஸ்தன் ஊட்டுப் பேரையே உட்டுட்டா மத்தவன் என்ன சொல்லுவான்? நம்ம ஊட்டுலதான் ஆரம்பிக்கோணும் மணியா. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு கேட்டதில்லையா நீ?" பட்டியலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நீதான் சாவடியில நமக்கு ஏஜெண்டு. ஆபீசரு யாரைக் கேட்டாலும் 'ஆமாங்க, இவங்கதான்'னு சொல்லிரோணும்."

இறந்த பெண்களாக வந்து ஓட்டுப் போடத்தான் கம்பெனி அமர்த்தப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு முழுக்கத் தெரிந்தது.

கருப்பண்ணன் வாத்தியார் முதலில் மாட்டேன் என்றார். நாடகம் வேறு, ஜெயிலுக்குப் போவது வேறு என்றார். மிட்டாதார் அவரோடு வாதாடவில்லை. படுதாச் சுருள்களையும் வேஷப் பெட்டிகளையும் பத்திரத்துக்காகத் தன் நெல் கிடங்கில் வைத்துப் பூட்டினார். "ஓட்டு முடிஞ்ச மறுநாள் தொறந்து உடறேன்" என்றார். படுதா இல்லாத கம்பெனி அடுத்த ஊரில் கொட்டகை போட முடியாது. வாத்தியார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அடுத்த நாள் ஒத்திகை ஆரம்பித்தார்.

ஏழு பேருக்குப் பதினோரு வேஷம். நான் ஆளுக்கொரு சீட்டில் பெயரும் கணவர் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்திருந்தேன். வாத்தியார் ஒரு நாற்காலியில் போலிங் ஆபீசராக உட்கார்ந்துகொண்டார்.

"பேரு?"

"ராமாத்தாள்" என்றான் மீசை எடுத்த ஒருவன்.

"புருசன் பேரு?"

"கந்தப்பன்."

"என்னய்யா வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறே? எச்சிலை முழுங்கறியா, பேரைச் சொல்றியா? தயங்கினா சந்தேகம் வரும். பேரு, புருசன் பேரு, ஊரு. மூணும் கணீர்னு உழோணும். கடைசி வரிசைக்குக் கேக்கோணும்."

"ஓட்டுச் சாவடியில ஏதுங்க வாத்தியாரே கடைசி வரிசை?"

"எல்லா எடத்துலயும் கடைசி வரிசை உண்டுறா. சொல்லு."

மூன்று நாள் இப்படி நடந்தது. ஏழு பேரும் தேர்ந்த தொழில்காரர்கள். பதினோரு கணவர்களின் பெயரும் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பி வந்தன. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதில் இருந்த தவறு எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அங்கம்மாள் என்னிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் என் சீட்டு.

"ஏனுங்க, இதுல இருக்கற மணியன் நீங்கதானாமே?"

"ஆமாம்."

"எனக்கு இப்பத்தான் சொன்னாங்க. வேற யாருக்காச்சும் மாத்திக் கொடுக்கச் சொல்லட்டுங்களா?"

"யார் போனாலும் ஒன்றுதான்."

அவள் போகவில்லை. "வேஷம்னு வந்துட்டா ஒழுங்காப் பண்ணோணுமுங்க. அவங்க எப்படி நடப்பாங்க? வேகமாவா, மெதுவாவா?"

"நினைவில்லை."

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நெனப்பில்லாம இருக்குமுங்களா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

மாசி மாதம் ஓட்டு. போர்டு பள்ளிக்கூடம்தான் சாவடி. ஏழு ஊர்களுக்கும் அது ஒன்றே. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. பெண்கள் அறையில் மேஜைக்குப் பின்னால் டிப்டி தாசில்தார். மேஜைமேல் ஜாபிதா, மைக்கூடு, மணி. ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் மஞ்சள் பெட்டிக்கு ஏஜெண்டாக ராசிபுரத்திலிருந்து வந்த சின்னுசாமி. கதர்ச் சட்டை போட்ட நெசவுக்காரர். இந்தப் பக்கத்து முகங்கள் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் மிட்டாவின் குடிகள். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதை மிட்டாதார் முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்.

முதலில் வந்தது உண்மையான ஒரு வாக்காளர். பாவாயி என்று ஐம்பது வயது அம்மாள். பூமி நிறைய உள்ள குடும்பம்.

"கணவர் பெயர்?" என்றார் டிப்டி தாசில்தார்.

பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பழனியில இருக்கறாருங்களே."

"பழனியிலா? அப்படியானால் ஊர் வேறாயிற்றே?"

"அய்யோ, அவரு இங்கதானுங்க இருக்கறாரு. பேரு பழனியில இருக்குது."

"பழனிச்சாமியா?"

"இல்லீங்க."

"முருகன்? சுப்பன்? வேலாயுதம்?"

"கையில என்ன வெச்சிருப்பாருங்க?"

"வேல்."

"அது திருச்செந்தூர்லீங்க. பழனியில குச்சி."

"தண்டபாணி!" என்றார் டிப்டி தாசில்தார். வியர்த்திருந்தது. வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பாவாயி சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள்.

அடுத்த நாலு பேரும் இப்படித்தான். ஒருத்தி வானத்தைக் காட்டினாள். ஒருத்தி பின்னால் நின்ற தன் கொழுந்தன் மனைவியைச் சொல்லவைத்தாள். வரிசை நகரவில்லை.

ஆறாவதாக அங்கம்மாள் வந்தாள். தலைகுளித்து, சாயப் புடவை கட்டி, பொட்டு வைத்திருந்தாள். மேடைக்கு வருகிற மாதிரி நேராக வந்து நின்றாள்.

"பெயர்?"

"சாலம்மாள்."

"கணவர் பெயர்?"

"மணியன்! புதுச்சத்திரம்!"

பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். வரிசையில் பேச்சு நின்றது. ஓட்டுப் போட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாவாயி கையை மோவாயில் வைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தா! கட்டுன புருசன் பேரைக் கறிகாய் விக்கற மாதிரி கூவறாளே!"

சின்னுசாமி எழுந்துவிட்டார். "ஐயா, எனக்கு ஆட்சேபம் இருக்குதுங்க. இது பொண்டாட்டி இல்லீங்க."

"எதை வைத்துச் சொல்கிறீர்?"

"பேரைச் சொல்லுதுங்களே! எந்தப் பொண்டாட்டியுங்க சொல்லுவா? என் சம்சாரத்துக்குக் கல்யாணமாகி இருவத்திரண்டு வருசம். இன்னைக்கு வரைக்கும் எம்பேரு 'இந்தாங்க'தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை வருஷத்தில் சாலம்மாள் என் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. ஒத்திகைக்கு வெளியே, அவள் பெயரோடு ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

டிப்டி தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "நீர்தானே மணியன்? இந்த அம்மாள் உம்முடைய மனைவிதானா?"

அங்கம்மாள் என்னைப் பார்த்தாள். இல்லை என்றால் அவள் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாள். கிடங்குப் பூட்டும் திறக்காது. ஆமாம் என்றால் சாலம்மாளின் ஓட்டு போய்விடும்.

"சொல்லும்."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிப்டி தாசில்தார் கஷ்டப்பட்டார். கேஸ் எழுதினால் அது மிட்டாதார் வரை போகும். மிட்டாதார் வரை போனால் இந்திரசபை வரை போகும். அவர் பேனாவைத் தொட்டு, ஜாபிதா ஓரத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "வாக்காளர் வெட்கத்தினால் திரும்பிப் போனார். பிறகு வரக்கூடும்."

"வெட்கமா?" என்றார் சின்னுசாமி. "இவ்வளவு சத்தமாப் பேசுனதுக்கு அப்புறமா?"

"அதனால்தான் வெட்கம்" என்றார் டிப்டி தாசில்தார். "அடுத்தது."

மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் வாத்தியார் தன் ஆட்களைத் திரட்டி வைத்திருந்தார். மிட்டாதார் செய்தி அனுப்பியிருந்தார். பதினொன்றும் விழாவிட்டால் படுதாக்களை மாட்டுக்கு மறைப்பாகக் கட்டிவிடுவாராம்.

"பேரைச் சொல்லாதீங்க" என்று வாத்தியார் எல்லாரையும் கெஞ்சினார். "நாணிக் கோணுங்க. சாடையாச் சொல்லுங்க. இத்தனை நாள் ஸ்திரீபார்ட் போட்டீங்களே, உங்க அம்மா உங்க அப்பனை எப்படிக் கூப்பிட்டாள்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் வரலையா?"

"உங்களுக்கும் வரலீங்களே" என்றான் ராமாத்தாள்.

அங்கம்மாள் என்னிடம் வந்தாள்.

"காலையில நீங்க 'இல்லை'ன்னு சொல்லாம இருந்தீங்க. அதுக்குக் கும்புடறேனுங்க."

நான் தலையசைத்தேன்.

"நான் திரும்பப் போயாகோணும். வாத்தியாருக்கு அந்தப் படுதாதான் உசுரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளியாளு உங்க பேரைக் கேட்டா அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"அதை நான் சொல்லமாட்டேன்."

"அப்ப ஏதோ ஒண்ணு இருக்குதுங்க."

நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். இனி சாலம்மாள் பேரில் அவள் வந்து நின்றால் இல்லை என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்திருந்தேன்.

பிற்பகலில் இறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அளவுக்கு மேல் வெட்கப்பட்டார்கள். ராமாத்தாள் தரையில் கால் விரலால் கோலம் போட்டு, கந்தப்பன் என்ற பெயருக்கு மயில் மாதிரி கழுத்தை ஆட்டிக் காட்டினான். டிப்டி தாசில்தார், "கோழியா?" என்றார். இன்னொருத்தன் நெற்றியில் மூன்று விரலை இழுத்து, தலையில் கங்கையை இறக்கி, கழுத்தில் பாம்பைச் சுற்றினான். வரிசையில் நின்ற பெண்கள் ஆட்டத்தை ரசித்தார்கள். சின்னுசாமிக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் என்னைக் கேட்டபோது, "ஆமாங்க" என்றேன். அந்தப் பத்துப் பேரும் எனக்குப் பெயர்கள்தான். அவர்களுக்கும் கணவர்கள் இருந்தார்கள் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சாவடி மூடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அங்கம்மாள் வந்தாள். பொட்டைத் தவிர அலங்காரம் ஒன்றும் இல்லை. மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. வந்து நின்றாள்.

"காலையில வந்த அம்மாதானே இது?" என்றார் சின்னுசாமி.

"வெட்கத்தினால் திரும்பிப் போனவர்" என்றார் டிப்டி தாசில்தார். "ஜாபிதாவில் இருக்கிறது. பெயர்?"

"சாலம்மாள்." எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"கணவர் பெயர்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் மேஜைமேல் ஓடியது. மைக்கூடு, ஜாபிதா. முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டி மேஜைமேல் இருந்த மணியைக் காட்டினாள்.

டிப்டி தாசில்தாருக்கு விளங்கவில்லை. "என்ன? என்ன வேண்டும்?"

அவள் அதை ஒரு தட்டுத் தட்டினாள்.

வாசலில் இருந்த சேவகன் ஓடிவந்து, "கூப்ட்டீங்களா?" என்று நின்றான்.

அறை முழுக்கச் சிரிப்பு. டிப்டி தாசில்தாரும் சிரித்தார். "மணி... மணியன்! சரி, சரி." சிரிப்போடு என்னைப் பார்த்தார். "ஏனய்யா, இப்போதாவது சொல்லும். இவர் உம்முடைய மனைவிதானே?"

"ஆமாம்" என்றேன்.

சின்னுசாமி திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தார். "இது பொண்டாட்டி" என்றார்.

அவள் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள். பெட்டியில் சீட்டு விழுகிற சத்தம் கேட்டது. வேறு வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, பெட்டிகளுக்கு அரக்கு வைத்த பிறகு, நான் சைக்கிளை எடுக்கப் போனேன். அங்கம்மாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோவமுங்களா?"

"யார் சொன்னார்கள்?"

"எதையுங்க?"

"மணி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "யாரு சொல்லோணும்? மணியன்னு பேரு இருந்தா வேற எதைக் காட்டுவாங்க? ஆட்டுக்குட்டி கழுத்தைக் காட்டலாம். அங்க ஆட்டுக்குட்டி இல்லையே." பிறகு, "அவங்களும் அப்படித்தான் காட்டுவாங்களா?" என்றாள்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், வாத்தியாருகிட்டச் சொல்லிராதீங்க. நான் பச்சையில போடலீங்க. பூவும் பொட்டுமாப் போனவங்க பேருல எப்படிப் பச்சையில போடறது? மஞ்சள்லதான் போட்டேன்."

"சரி" என்றேன்.

மிட்டாதார் தோற்றுப்போனார். ஆயிரக்கணக்கில் வித்தியாசம். பதினோரு ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் இந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றுதான். ஆனால் என்மேல் அவருக்கு மதிப்புக் கூடியது. வந்தவர்களிடம் எல்லாம் சொல்வார்: "நம்ம மணியனைப் பாருங்க. செத்துப்போன சொந்தப் பொண்டாட்டியவே கூட்டிவந்து பச்சையில போட வெச்சான். விசுவாசம்னா அது." நான் மறுக்கவில்லை. மறுத்தால் அங்கம்மாளுக்குத்தான் ஆபத்து.

கம்பெனிக்குப் படுதாக்கள் திரும்பக் கிடைத்தன. சித்திரையில் அவர்கள் ராசிபுரத்தில் கொட்டகை போட்டபோது புது மெம்பருக்கு வரவேற்பாகச் 'சத்தியசேனன் சரித்திரம்' நடந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள். ராஜா மஞ்சள் பட்டில் வந்தாராம். பொழுது மஞ்சளாக உதித்ததாம். இந்திரசபையில் கந்தவேல் ஒரு தலையை மட்டும் மாற்றியிருந்தான். அக்கினி, வருணன், அசுவினி தேவர், அந்த முதுகு, எல்லாம் அப்படியே இருந்தன. வருணன் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாராம்.

அடுத்த வருஷம் வாக்காளர் ஜாபிதாவைத் திருத்தினார்கள். இறந்தவர்களின் பெயரை நீக்க மனுக் கொடுக்கலாம் என்று தண்டோராப் போட்டார்கள். நான் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். என் மனைவி சாலம்மாள் 1936 அக்டோபரில் இறந்துவிட்டாள், பெயரை நீக்கிவிட வேண்டும் என்று இரண்டு வரி. வேறு யாரும் அவள் பேரில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. மூன்று வாரத்தில் பதில் வந்தது. கையெழுத்து அந்த டிப்டி தாசில்தாருடையது.

'மேற்படி சாலம்மாள் 1937 பிப்ரவரியில் மேற்படி சாவடியில் நேரில் ஆஜராகி ஓட்டுச் செய்திருப்பதாலும், மேற்படியாரை அவருடைய கணவரே அடையாளம் சொல்லியிருப்பதாலும், மேற்படியார் அதற்கு முன்பே இறந்துவிட்டதாகக் கூறும் மனு நிராகரிக்கப்படுகிறது. இதில் ஆட்சேபம் இருந்தால் மேற்படி சாலம்மாள் முப்பது தினங்களுக்குள் நேரில் ஆஜராகித் தெரிவித்துக்கொள்ளலாம்.'

இரண்டு தடவை படித்தேன். மடித்துப் பெட்டியில், அவள் கையெழுத்துப் போட்ட ஆடி மாதத்து ரசீதோடு வைத்தேன்.

முப்பது நாள் கழிந்தது. நான் வேறு மனு எழுதவில்லை.